வினாத் தொடுக்கும் உரிமை

வினவுதல் அறிவின் முதற்படி. பேசத் தொடங்கிய பிள்ளை, கண்டதையெல்லாம் காட்டி ‘ஏன்?’, ‘எப்படி?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆயின், அதே பிள்ளை பள்ளிக்குள் அடியெடுத்து வைத்ததும் கேட்கும் உரிமை ஆசிரியரைப் போய்ச் சேர்கிறது. விடை கூறும் கடமை மட்டுமே பிள்ளைக்கு எஞ்சுகிறது. வகுப்புகள் ஏற ஏற, ஆசிரியரிடமிருந்தும் அவ்வுரிமை நழுவித் தேர்வு வாரியத்தின் கைக்கு மாறுகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் விடை எழுதியே பழகிய ஒருவன் பல்கலைக்கழகத்துள் நுழையும்பொழுது, ஒரு நல்ல வினாவை அமைக்க அறியாதவனாய் இருப்பதில் வியப்பில்லை.

இன்று பல்கலைக்கழகங்கள் சிலவற்றில், இயங்கலை வழி நடைபெறும் மதிப்பீடுகளுக்குரிய வினாக்களை மாணவர்களே ஆக்கும் முறை வழக்கில் உள்ளது. இதனைக் கணினிக் காலம் கொணர்ந்த புதுமை என்று பலர் கருதுகின்றனர். வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்பின், மாணவன் இழந்துவிட்ட உரிமை ஒன்று அவனிடம் மீண்டு வருகிறது என்பது புலனாகும். அவ்வுரிமை யார் யார் கைக்கு மாறியது என்பதையும், அது மீள்வதால் தமிழ்க்கல்விக்கு விளையக்கூடிய நன்மை யாது என்பதையும் ஈண்டு நோக்குவோம்.

நன்னூல் காட்டும் நெறி

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் மட்டும் கூறி அமைவதன்று. அதன் பொதுப்பாயிரம் ஆசிரியர் இயல்பையும், மாணாக்கர் இயல்பையும், பாடம் கேட்கும் முறையையும் விரித்துரைக்கிறது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் இன்று கற்பிக்கப்பெறும் கற்பித்தல் நெறிகளுள் பலவற்றின் வித்துகளை அப்பாயிரத்தில் காணலாம்.

அங்கே ஒரு கணக்குக் கூறப்படுகிறது. ஆசிரியர் கூறியதை மாணாக்கன் எவ்வளவு நன்றாக உளங்கொண்டாலும், அவன் பெறுவது புலமையில் காற்பங்கே. உடன் கற்பாரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கும், தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்பொழுதே கைகூடும். ஆசிரியர்க்குக் கால், தோழர்க்குக் கால், பிறர்க்கு உரைத்தலுக்கு அரை என்னும் இப்பகுப்பை மனத்தில் இருத்திக்கொள்வோமாக. பாடம் பயிலும் முறையைக் கூறுமிடத்து, தான் வினவுதலையும் பிறர் வினாவியவற்றுக்கு விடை கூறுதலையும் நன்னூல் இணைத்தே சொல்கிறது. அங்கே வினாவும் விடையும் ஒரே மாணாக்கனின் இரு கைகள்.

மேலும், சொல்லதிகாரத்தில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் நன்னூலார் வகுத்துள்ளார். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவ்வாறு வகை. இவற்றுள் முதலிரண்டும் ஆசிரியர்கள் நன்கறிந்தவை. தான் விடை அறிந்திருந்தும் பிறர்க்குத் தெரியுமா என்று சோதிப்பது அறிவினா. தான் அறியாததை அறிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. பள்ளிகளின் தேர்வுகள் அனைத்தும் அறிவினாக்களே. அறியா வினாவுக்கு அங்கே இடமில்லை. இவ்வொரு பாகுபாடு நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு எத்துணை முதன்மையானது என்பது பின்னர் விளங்கும்.

எழும்பூரில் ஒரு பள்ளி

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்பவன் ஆசிரியர்க்கு அடுத்த நிலையில் இருந்து இளைய பிள்ளைகளைப் பயிற்றுவித்தான். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். நன்னூல் கூறும் ‘பிறர்க்கு உரைத்தல்’ அங்கே நாள்தோறும் நிகழ்ந்தது எனலாம்.

1789ஆம் ஆண்டில், சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஸ்காத்லாந்து நாட்டவர் ஆண்ட்ரு பெல், உள்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விழைந்தார். ஆசிரியர்கள் அதற்கு இணங்கி வரவில்லை. எனவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே கீழ் வகுப்பை ஒப்படைத்தார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் அம்முறை வெற்றி கண்டது. இலண்டன் மீண்டதும் 1797இல் அவர் அதனை நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்னும் பெயரோடு அஃது இங்கிலாந்தில் பரவியது. ஸ்காத்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ருஸ் நகரில், அவர் விட்டுச்சென்ற பொருளால் எழுந்த பள்ளி இன்றும் ‘மெட்ராஸ்’ என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எனினும், ஒன்றை மறத்தலாகாது. மெட்ராஸ் முறையில் மூத்த மாணவன் கற்பித்தான். ஆனால், அவன் கேட்ட வினாக்கள் ஆசிரியர் முன்னரே வகுத்துக் கொடுத்தவை. சிக்கனம் கருதி அம்முறையை மேற்கொண்டோர், ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரைப் பயிற்றவே விரும்பினர். மாணவன் ஆசிரியரின் குரலாக இருந்தானேயன்றித் தன் குரலில் வினவவில்லை.

கப்பலில் வந்த வினாத்தாள்

நம் நாட்டில் 1816ஆம் ஆண்டு பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்புத் தொடங்கியதைக் கணக்கிட்டு, 2016இல் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். இவ்விரு நூற்றாண்டில் வினாவின் வரலாறு எவ்வாறு சென்றது?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1858இல் தொடங்கிய உள்ளூர்த் தேர்வுகள் நாளடைவில் குடியேற்ற நாடுகளுக்கும் வந்தன. மலாயாவின் ஆங்கிலப் பள்ளி மாணவர்க்குரிய வினாத்தாள்கள் அங்கே ஆக்கப்பெற்றுக் கப்பலேறி இங்கு வந்தன. இங்கு எழுதப்பெற்ற விடைத்தாள்கள் கப்பலேறி அங்கே சென்றன. வினாவைத் தொடுத்தவர்க்கும் விடை எழுதியவர்க்கும் இடையே கடல் கிடந்தது. 1956இல் நம் நாட்டிலேயே தேர்வு வாரியத்துக்கு அடித்தளம் இடப்பட்ட பின்னர், அக்கடல் வற்றியது. ஆயினும், கேட்பவர் ஓரிடத்தும் விடை பகர்வோர் வேறிடத்தும் இருக்கும் நிலை மாறவில்லை.

இதற்கிடையே அமெரிக்காவில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. 1915ஆம் ஆண்டளவில் கான்சாசில் பிரெடரிக் கெல்லி என்பார், கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் வாசிப்புத் தேர்வை உருவாக்கினார். திருத்துவோர் மனப்போக்கால் புள்ளிகள் வேறுபடுவதைத் தவிர்ப்பதும் விரைவாகத் திருத்துவதும் அதன் நோக்கங்கள். 1938இல் ஐ.பி.எம். நிறுவனம், பென்சில் கரியின் மின்கடத்தும் தன்மையைக் கொண்டு விடைத்தாளைத் திருத்தும் எந்திரத்தை வெளியிட்டது. அவ்வெந்திரத்துக்கு வித்திட்ட ரெனால்ட் ஜான்சன், முன்னர் ஓர் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் என்பது நம் இனத்தார் அறியத்தக்கது. கட்டுக்கட்டாய் விடைத்தாள் திருத்திய ஆசிரியரின் களைப்பே அவ்வெந்திரத்தை ஈன்றது போலும்.

1981ஆம் ஆண்டில் ஐந்தாம் ஆண்டு மதிப்பீட்டுத் தேர்வுக்கு அமர்ந்தபொழுது, அடியேனும் விடையைக் கரியால் நிரப்பினேன். 1988இல் அத்தேர்வின் இடத்தை யூ.பி.எஸ்.ஆர். பெற்றது. பின்னர் ஆசிரியர் பணியேற்று அத்தேர்வுக்காக எத்தனையோ தலைமுறை மாணவர்களை ஆயத்தப்படுத்தினேன். ‘விடையை எப்படித் தேடுவது?’ என்று ஓயாது கற்பித்தேன். ‘இவ்வினா ஏன் இவ்வாறு அமைந்தது?’ என்று ஒருநாளும் வகுப்பில் கேட்டதில்லை. இதனை ஒப்புக்கொள்ளாமல் மேலே எழுதுதல் நேர்மையாகாது.

கணினி வந்த பின்னர்

1960இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ‘பிளேட்டோ’ என்னும் கணினிக் கல்வித் திட்டம் தோன்றியது. 2002இல் ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டோகியாமாஸ் வெளியிட்ட ‘மூடல்’ என்னும் கட்டற்ற மென்பொருள், உலகெங்கும் பல்கலைக்கழகங்களின் இயங்கலை வகுப்பறையாயிற்று. தாளும் கரியும் மறைந்தன, திரை வந்தது. ஆனால், வினாவைப் படைப்போர் விரிவுரையாளர், விடையைச் சொடுக்குவோர் மாணவர் என்னும் பழைய பிரிவு திரையிலும் தொடர்ந்தது.

அப்பிரிவைக் கடந்த முயற்சிகளுள் புகழ்பெற்றது நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் தோன்றியது. கணினியியல் துறையைச் சார்ந்த பால் டெனி உருவாக்கிய ‘பியர்வைஸ்’ என்னும் இயங்கலைத் தளத்தைப் பற்றிய ஆய்வுரை 2008இல் வெளிவந்தது. அதன் செயல்முறை எளியது. மாணவன் ஒருவன் தான் கற்ற பாடத்திலிருந்து ஒரு பல்தேர்வு வினாவை எழுதுகிறான். சரியான விடையையும், தவறான தெரிவுகளையும், அவ்விடை சரியானது ஏன் என்னும் விளக்கத்தையும் அவனே எழுதவேண்டும். உடன் பயில்வோர் அதற்கு விடையளித்து, வினாவின் தரத்தையும் கடினத்தையும் மதிப்பிட்டுக் கருத்துரைக்கின்றனர். எழுதியவர் பெயர் ஏனைய மாணவர்க்குத் தெரியாது. எனவே, நண்பன் என்று புகழ்வதற்கோ நாணி ஒதுங்குவதற்கோ இடமில்லை.

நன்னூலின் கணக்கை இங்கே நினைவுகூர்க. விளக்கம் எழுதுதல் பிறர்க்கு உரைத்தலாகிறது. கருத்துரைத்தல் உடன்கற்பாரோடு பயிலுதலாகிறது. ஆசிரியர் தரும் காற்பங்கோடு நில்லாமல், எஞ்சிய முக்காற்பங்கையும் நாடும் முறை இது.

சரியான விடையை எழுதுவது எளிது; பொருத்தமான தவறான தெரிவுகளை எழுதுவதே அரிது. ஏனெனில், கற்போர் எங்கே தடுமாறுவர், எதை எதனோடு குழப்புவர் என்று முன்னரே உணர்ந்தால்தான் அத்தெரிவுகள் அமையும். பிறர் தவற்றை ஊகித்தறிய முனைபவன், அப்பொருளின் நுட்பத்தைத் தெளிந்தாகவேண்டும். மாணவர் வினா ஆக்குவதன் பயன் பெரிதும் இவ்விடத்திலேதான் பிறக்கிறது.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபொழுது, நம் நாட்டின் பல்கலைக்கழகத் தேர்வுகளும் திரைக்கு மாறின. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டில் அமர்ந்திருக்கும் மாணவனிடம், புத்தகத்தில் உள்ளதையே கேட்பதால் பயன் என்ன? விடையை மட்டும் சோதிக்கும் முறையின் வலுவின்மை அப்பொழுது உள்ளங்கை நெல்லிக்கனியாயிற்று. அவ்வாண்டு யூ.பி.எஸ்.ஆர். நடைபெறவில்லை, 2021இல் அத்தேர்வே அகற்றப்பட்டது. 2022இல் பி.டி.3 தேர்வும் கைவிடப்பட்டது. பள்ளிசார் மதிப்பீட்டின் பொறுப்பு ஆசிரியர் கைக்கு மீண்டும் வந்தது. வினா எழுதும் கலையை மறந்திருந்த ஆசிரியர்கள் பலர், இணையத்தில் கிடைத்தவற்றையெல்லாம் எடுத்தாளத் தலைப்பட்டதையும் கண்டோம்.

செந்தூலில் கண்டது

செந்தூல் இரயில்வே பட்டறையை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அப்பட்டறையில் உழைத்தோரின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று பல்கலைக்கழகங்களில் தமிழைப் பாடமாகப் பயில்கின்றனர். 2022ஆம் ஆண்டு விடுமுறை ஒன்றில், அத்தகையோர் எண்மரை அழைத்து, இலக்கணத்தில் ஆளுக்கு ஐந்து பல்தேர்வு வினாக்களை எழுதி இயங்கலையில் ஏற்றுமாறு வேண்டினேன்.

நாற்பது வினாக்கள் வந்தன. அவற்றுள் முப்பத்தொன்று நினைவாற்றலை மட்டுமே நாடின. இந்நூலை இயற்றியவர் யார், இவ்வகை எத்தனை என்பன போன்றவை அவை. பலவற்றில் சரியான விடையே நீண்ட தொடராகவும், பிற தெரிவுகள் குறுகிய சொற்களாகவும் இருந்தன. பாடம் படியாதவனும் நீளத்தைக் கண்டே விடையைத் தேர்ந்துவிடலாம். வேறு சிலவற்றில் நான்காம் தெரிவு வெறும் இடம் நிரப்பியாய் நின்றது. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. யாம் கற்பித்த தேர்வுகளின் சாயலையே அவர்கள் திருப்பித் தந்திருந்தனர்.

பின்னர், ஒருவர் வினாவை மற்றவர் விடையளித்து ஆராயும் கட்டம் வந்தது. ‘இப்பாடலின் பொருள் யாது? என்பது எவ்வகை வினா?’ என்று ஓர் இளைஞர் கேட்டிருந்தார். விடை ‘அறிவினா’ என்று அவர் குறித்திருந்தார். மாணவி ஒருத்தி ‘அறியா வினா’ என்பதைத் தெரிவு செய்தாள். திரை சிவந்து, ‘தவறு’ என்றது. அவள் வாளாவிருக்கவில்லை.

“ஐயா, இதைக் கேட்டவர் யாரென்று வினாவில் இல்லையே? ஆசிரியர் கேட்டால் அறிவினா. நான் கேட்டால் அறியா வினாதானே?” என்றாள்.

கூடம் ஒரு கணம் அமைதியுற்றது. பின்னர் எண்மரும் ஒருசேரப் பேசத் தொடங்கினர். அவள் கூறியதே முறை. ஒரே தொடர், கேட்பவர் மாற இனம் மாறுகிறது. வினாவை எழுதிய இளைஞர், கேட்பவர் ஆசிரியராகவே இருப்பார் என்று தம்மையறியாமலே கருதிக்கொண்டார். அவர்மேல் குற்றமில்லை. பதினைந்து ஆண்டுகளாக அவர் கேட்ட வினாக்கள் எல்லாம் ஆசிரியர் வாயிலிருந்து வந்தவையே. இந்த ஒரு நிகழ்ச்சியில் வினாவின் வரலாறு முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

அன்று பிற்பகல் அவர்கள் அவ்வினாவை மீண்டும் எழுதினர். அத்தொடரை ஆசிரியர் வாயிலும் மாணவி வாயிலும் வைத்து, இரண்டும் எவ்வெவ்வினா எனப் பிரித்தறியுமாறு அமைத்தனர். மனப்பாடத்தால் விடை கூற இயலாத வினா ஒன்று பிறந்தது. முப்பது ஆண்டுகள் இலக்கணம் கற்பித்த நான், அந்நூற்பாவின் பொருளை அன்றே முழுமையாக உணர்ந்தேன் என்றால் மிகையாகாது.

தட்டிப் பார்க்கும் காது

இம்முறைக்குத் தடைகூறுவோரும் உளர். மாணவர் எழுதும் வினாவில் பிழை மலியும் என்பர். ஒருவர்க்கொருவர் விடையைச் சொல்லிக்கொள்வர் என்பர். ஆசிரியர் தம் வேலையை மாணவர் தலையில் கட்டுகிறார் என்றும் கூறுவர். இவற்றை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மாணவர் ஆக்கிய வினாக்கள் பயிற்சிக்கும் கற்றலுக்கும் உரியன. தகுதியை முடிவு செய்யும் இறுதித் தேர்வுக்கு அவற்றை அப்படியே எடுத்தாளுதல் கூடாது. ஆசிரியர் ஒவ்வொன்றையும் படித்துத் திருத்தவேண்டும். அவ்வேலை, தாமே வினா எழுதுவதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். விடைகள் வந்த பின்னர் கணக்கும் பார்க்கவேண்டும். தேர்ந்தவர் தவறவிட்டு, தேராதவர் சரியாகச் சொன்ன வினா ஒன்று இருப்பின், அங்கே விடைக்குறிப்போ வினாத்தொடரோ பழுதுபட்டிருத்தல் கூடும்.

என் தந்தையார் செந்தூல் பட்டறையில் பணியாற்றியவர். சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே விரிசல் உண்டா இல்லையா என்று அறிவதைப் பற்றி அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாய் ஒலிக்கும். சுத்தியல் யார் கையிலும் கிடைக்கும். அந்தக் காதைப் பெறப் பல்லாண்டுப் பழக்கம் வேண்டும் என்பார். வினாவைத் தட்டிப் பார்த்துப் பழுதறியும் காதும் அத்தகையதே.

அக்காதின் தேவை இன்று பன்மடங்காகியுள்ளது. 2022 நவம்பரில் ‘சாட் ஜிபிடி’ வெளிவந்தது முதல், செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நூறு வினாக்கள் நொடியில் வந்து குவிகின்றன. தமிழில் கேட்டாலும் தருகிறது. ஆனால், அவற்றுள் எது மணியொலி, எது விரிசல் ஒலி என்று கூறுவோர் யார்? சில ஆண்டுகளுக்கு முன், மலாயிலிருந்து மொழிபெயர்க்கப்பெற்ற ஒரு பயிற்சித்தாளைக் கண்டேன். மலைச்சாரலில் ‘கண்ணீர்’ பெருகி ஆறாக ஓடுவதாக அதில் இருந்தது. ‘மாத்தா ஆயிர்’ என்றால் நீரூற்று. ‘ஆயிர் மாத்தா’ என்றால் கண்ணீர். இரண்டையும் மயங்கிய மொழிபெயர்ப்பு பிள்ளைகள் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. அவர்கள் சிரித்துவிட்டு விடையைக் கறுப்பாக்கினர். தவறு என்று எவரும் சுட்டிக் காட்டவில்லை. வினாவைத் திருத்துவது தங்கள் வேலையன்று என்றே அவர்கள் பழக்கப்பட்டிருந்தனர்.

ஆவன செய்வோம்

முதல் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்ரலில் நடைபெற்ற நகரம் இக்கோலாலம்பூர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இயங்குகிறது. ஆசிரியர் கல்விக் கழகங்களில் தமிழ்ப்பிரிவு மாணவர்கள் பயில்கின்றனர். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் பாடங்களாய் உள்ளன. இவ்வளவும் இருக்க, மொழிபெயர்ப்பின் நிழல் படாமல் தமிழிலேயே சிந்தித்து எழுதப்பெற்ற வினாக்களின் தொகுப்பொன்றை நாம் ஆக்கிக்கொள்ளல் இயலாததன்று. ஆண்டுதோறும் ஒவ்வொரு மாணவரும் ஐந்து நல்ல வினாக்களை விளக்கத்தோடு எழுதி, தோழர்களால் ஆராயப்பெற்று, ஆசிரியரால் செப்பம் செய்யப்பெற்றவற்றைச் சேர்த்துவைத்தால், சில ஆண்டுகளில் அது நம் பிள்ளைகளுக்கு நிலையான செல்வமாகும்.

தொடங்குதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. வகுப்பு முடியும் வேளையில், ‘இன்றைய பாடத்திலிருந்து ஒரு வினாவை எழுதுக, அதன் விடை ஏன் சரி என்பதையும் எழுதுக’ என்று கூறும் ஆசிரியர் ஒருவர் போதும். தொடக்கத்தில் வருவன பதராக இருக்கலாம். பொறுமையோடு புடைத்தால் நெல்மணி தங்கும்.

அந்த மாணவி அன்று எழுப்பியது அறியா வினாவா, ஐய வினாவா என்று இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு. எவ்வகையாயினும், அது தேர்வுக்காக எழுந்த வினாவன்று. அத்தகைய வினாவை எழுப்பும் துணிவை நம் மாணவர்க்கு மீட்டுத் தருவது ஆசிரியர்களாகிய நம் கடனாகும்.